கரையில் நிற்கும் சிலைகள் – 9: ஒரு கோட்டுக்காகக் கத்தியவர்

போன வாரம் கிரேஸ் டார்லிங்கைப் பார்த்தோம். 1838-ல் பாறையில் மோதி உடைந்த கப்பலில் தவித்த ஒன்பது பேரைக் கலங்கரை விளக்கக் காவலரும் அவர் மகள் கிரேஸும் படகு தள்ளிப் போய்க் காப்பாற்றிய கதை அது. இந்த வாரம் நாம் பார்க்கும் சாமுவேல் பிளிம்சால் ஒருவரைக்கூட அலையிலிருந்து தூக்கியதில்லை. கப்பலோட்டத் தெரியாத நிலக்கரி வியாபாரி அவர். ஆனாலும் அவரால் பிழைத்தவர்களை யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. மூழ்கிய கப்பலுக்குத்தான் கணக்கு இருக்கிறது. மூழ்காமல் வீடு வந்த கப்பலுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

லண்டனில் தேம்ஸ் நதியை ஒட்டிப் போகும் விக்டோரியா எம்பாங்க்மென்ட் சாலையில், வைட்ஹால் தோட்டத்தருகே அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது. உயர்ந்த பீடத்தின் மேல் தாடியோடு மார்பளவு வெண்கலச் சிலை. இரு பக்கமும் ஒரு மாலுமியும் நீதிதேவதையும். செய்தவர் ஃபெர்டினாண்ட் பிளண்ட்ஸ்டோன் என்ற சிற்பி. 1929-ல் திறந்தார்கள். பிளிம்சால் 1898-லேயே இறந்துபோனார். முப்பது ஆண்டு கழித்து இந்தச் சிலையை எழுப்பியது அரசாங்கம் இல்லை, கப்பல் முதலாளிகளும் இல்லை. தேசிய மாலுமிகள் சங்கத்தின் உறுப்பினர்கள் எழுப்பினார்கள். எல்லா நாட்டுக் கடல் தொழிலாளிகளுக்கும் அவர் செய்த சேவைக்கு நன்றி என்று பீடத்தில் பொறித்தும் வைத்தார்கள்.

அந்த நன்றி புரிய வேண்டுமானால் 1860-களின் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். ஓட்டைக் கப்பல்களில் கொள்ளும் மட்டும் சரக்கு திணிப்பார்கள். கப்பல் தாழத் தாழ, நீர்மட்டத்துக்கும் மேல்தளத்துக்கும் உள்ள உயரம் குறையும். அந்த உயரம்தான் மாலுமியின் உயிர். அது போதுமான அளவு இருந்தால் தளத்தில் விழுந்த அலை வழிந்து ஓடும், கப்பல் நிமிர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒரு அலை வழிவதற்குள் அடுத்தது ஏறும், சரக்கறையின் மூடி உடையும், அதோடு சரி. முதலாளிக்குக் கவலை இல்லை, கப்பலின் மதிப்புக்கு மேலேயே இன்ஷூரன்ஸ் இருக்கும். ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்று மாலுமிகளே பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைக்கத்தான் முடிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, கப்பலைப் பார்த்து பயந்து ஏற மறுத்தவனுக்குச் சட்டப்படி சிறை.

பிளிம்சால் பிரிஸ்டலில் 1824-ல் பிறந்தவர். இளம் வயதில் வியாபாரம் நொடித்து, கூலிக்காரர்கள் தங்கும் மலிவு விடுதியில் சில காலம் கிடந்தார். ஏழைகளின் தாராள மனத்தை அங்கேதான் பார்த்ததாகப் பின்னால் எழுதினார். மறுபடி சம்பாதித்து, 1868-ல் டெர்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். இதற்கு மேல் தண்ணீர் ஏறும்படி சரக்கு ஏற்றக் கூடாது என்று கப்பலின் பக்கவாட்டில் கோடு போட வேண்டும் என்ற யோசனை அவருடையது இல்லை. ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் உரிமையாளர் அவருக்கு முன்பே அதற்காகப் போராடி வந்தார். பிளிம்சால் அதை எடுத்துக்கொண்டார், விடவில்லை. 1873-ல் ‘நமது மாலுமிகள்’ என்ற புத்தகம் எழுதினார். அவதூறு வழக்குகள் வந்தன. அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. கட்டாயக் கோடு வேண்டாம் என்றது கமிஷன்.

1875 ஜூலை 22. அரசு கொண்டுவந்திருந்த கப்பல் பாதுகாப்பு மசோதாவை இந்தக் கூட்டத்தொடரில் எடுக்கப்போவதில்லை என்று பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் எழுந்தார். மூழ்கிய சில கப்பல்களின் பெயரைச் சொல்லி, அவற்றின் சொந்தக்காரர் இதே அவையில் உட்கார்ந்திருக்கும் பிளிமத் உறுப்பினர்தானா என்று கேட்கப்போவதாகச் சொன்னார். மனிதர்களைச் சாக அனுப்பும் அயோக்கியர்களின் முகத்திரையைக் கிழிப்பேன் என்று கத்தினார். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார் சபாநாயகர். முடியாது என்று முஷ்டியை ஆட்டிவிட்டு வெளியேறினார். மேலே பெண்கள் மாடத்தில் அவர் மனைவி எலிசா. கணவர் எழுதிய கண்டன அறிக்கையின் அச்சுப் பிரதிகள் அவர் கையில் இருந்தன. நிருபர்களுக்கு அவைதான் போய்ச் சேர்ந்தன. இது ஏதோ கணத்தில் பொங்கிய கோபம் இல்லை என்பதை அந்த அச்சுத் தாள்களே காட்டுகின்றன. ஒரு வாரம் கழித்து வந்து, பேசிய முறைக்கு மன்னிப்புக் கேட்டார். சொன்ன விஷயம் எதையும் திரும்பப் பெறவில்லை. அதற்குள் நாடு கொதித்துப்போயிருந்தது. அரசு அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, 1876-ல், கோடு கட்டாயமானது.

பிளிம்சால் கதையை இங்கே முடித்துவிடுகிறவர்கள் பலர். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். கோடு கட்டாயம் என்றது சட்டம், எந்த உயரத்தில் என்று சொல்லவில்லை. அதை முதலாளியே முடிவு செய்யலாம்! தராசு கட்டாயம், எடைக்கல்லை மட்டும் வியாபாரியே வார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன மாதிரி. ஒருவர் புகைபோக்கியிலேயே கோட்டை வரைந்தாராம். இந்தக் கேலிக்கூத்து பதினான்கு ஆண்டு நடந்தது. இதற்கிடையில், கப்பல்களைத் தரம் பார்த்துச் சான்று தரும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் பெஞ்சமின் மார்ட்டெல், எந்த வகைக் கப்பலுக்கு எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று அட்டவணை போட்டு, 1882-ல் வெளியிட வைத்தார். கூச்சல் போட ஒருவர் தேவைப்பட்டது போலவே கணக்குப் போடவும் ஒருவர் தேவைப்பட்டார். மார்ட்டெலையும் சேர்த்து நினைக்காமல் பிளிம்சாலைக் கொண்டாடுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். 1890-ல்தான் கோட்டின் இடத்தை முடிவு செய்யும் உரிமை முதலாளியின் கையிலிருந்து சட்டத்தின் கைக்கு மாறியது.

அப்புறமும் கோடு ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1906-ல், லாயிட் ஜார்ஜ் வர்த்தகத் துறை அமைச்சராக இருந்தபோது, பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் இந்த விதி வந்தது. அதே சமயம் அட்டவணையைத் திருத்தி, கப்பல்கள் இன்னும் சற்று ஆழமாகச் சரக்கேற்ற அனுமதியும் கொடுத்தார்கள். மாலுமிகள் சங்கம் இதைப் பல ஆண்டு எதிர்த்தது. 1929-ல் சிலை வைத்தவர்கள் பழைய வெற்றியை மட்டும் கொண்டாடவில்லை. கோட்டின் உயரம் அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை.

பீடத்தில் இருக்கும் ‘எல்லா நாட்டு’ என்ற சொற்களிடமும் சற்று நிற்க வேண்டும். இதே சங்கத்தை நடத்திய ஹேவ்லாக் வில்சன், பிரிட்டிஷ் கப்பல்களில் சீன மாலுமிகளை எடுக்கக் கூடாது என்று பிரசாரம் செய்தவர். அந்தக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி அள்ளிப் போட்டவர்களில் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. சங்கத்தின் மனம் கல்வெட்டின் அளவுக்கு விரிந்திருக்கவில்லை. இருந்தாலும் கோடு ஆள் பார்க்கவில்லை. அந்த அளவுக்குள் சரக்கு ஏற்றிய கப்பலில் வெள்ளைக்காரனுக்கும் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிக்கும் ஒரே பாதுகாப்புதான். சிலை திறந்த மறு ஆண்டு, 1930-ல், லண்டனில் கூடிய நாடுகள் சுமைக்கோட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இன்று நடப்பில் இருப்பது 1966-ம் ஆண்டு உடன்படிக்கை.

துறைமுகத்தில் சரக்குக் கப்பலைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தால் அதன் நட்டநடுவே பாருங்கள். 300 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், அதை வெட்டிப் போகும் கிடைக்கோடு, இருபுறமும் சான்று கொடுத்த நிறுவனத்தின் எழுத்துகள். இந்திய நிறுவனமானால் ‘ஐ’, ‘ஆர்’. பக்கத்தில் ஏணிப்படி போலச் சில கோடுகள்: வெப்பமண்டலக் கடலுக்கு ‘டி’, கோடைக்கு ‘எஸ்’, குளிர்காலத்துக்கு ‘டபிள்யூ’. கடல் மோசமாக மோசமாகக் கோடு கீழே இறங்கும், சரக்கு குறையும். வங்காள விரிகுடாவுக்கும் தேதி குறித்திருக்கிறார்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ‘டி’ கோடு வரைக்கும் ஏற்றலாம். மே பிறந்தால் நவம்பர் முடிய, நம் புயல் மாதங்கள் அதிகமும் அடங்கும் அந்த ஏழு மாதமும், ‘எஸ்’ கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது.