நம்மிடையே குடிகொண்ட கடவுள்

கிறிஸ்துமஸ் எதனைக் குறிக்கும் பெருநாள் என்று ஒரு வகுப்பில் வினவினால், "இயேசு கிறிஸ்து பிறந்த நாள்" என்னும் விடை உடனே வரும். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. பெரியோர் பலருக்கு நாம் பிறந்தநாள் கொண்டாடுகின்றோம். அவர்தம் தொண்டினை நினைந்து போற்றுகின்றோம். கிறிஸ்தவர்கள் டிசம்பர் 25-ஆம் நாள் போற்றுவது அதனினும் வேறானதொரு நம்பிக்கையை. மனிதர் கடவுளைத் தேடிச் சென்றதை அவர்கள் அன்று கொண்டாடவில்லை. கடவுளே மனிதரைத் தேடி வந்து அவர்களிடையே குடியேறினார் என்பதையே கொண்டாடுகின்றனர். இதன் பொருளை மாணவ நேயர்களுக்கு விளக்குவது என் நோக்கம். நாம் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், அண்டை வீட்டார் கொண்டாடும் விழாவின் உட்பொருளை அறிந்திருத்தல் கற்றார்க்கு அழகாகும்.

முதற்கண் நாளைப் பற்றிய ஐயத்தை நீக்கிவிடுவோம். இயேசு எத்திங்களில், எந்நாளில் பிறந்தார் என்பதை நற்செய்தி நூல்கள் நான்கனுள் ஒன்றேனும் கூறவில்லை. டிசம்பர் 25-ஐக் குறிக்கும் தெளிவான பழஞ்சான்று, உரோமை நகரில் கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நூலில் காணப்படுகிறது. ஆர்மீனியத் திருச்சபையார் சனவரி 6-ஆம் நாளையே கொள்கின்றனர். ஆகவே, இவ்விழாவின் உயிர்நிலை நாளில் இல்லை. நிகழ்ச்சியின் பொருளில் உள்ளது.

அப்பொருளை ஒரு பெயர் நமக்கு உணர்த்துகிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூதா நாட்டை ஆகாஸ் என்னும் அரசன் ஆண்டபோது, அண்டை அரசர் இருவர் கூடிப் படையெடுத்து வந்தனர். அரசனும் குடிகளும் அஞ்சி நடுங்கினர். அவ்வேளையில் ஏசாயா என்னும் தீர்க்கதரிசி, பிறக்கப்போகும் ஒரு குழந்தையை அடையாளமாகக் காட்டி, அதன் பெயர் இம்மானுவேல் என்றார். எபிரேய மொழியில் 'இம்மானு' என்பது 'நம்மோடு' என்றும், 'ஏல்' என்பது 'கடவுள்' என்றும் பொருள்படும். இயேசுவின் பிறப்பைக் கூறும் மத்தேயு இப்பெயரையே நினைவூட்டுகிறார். தம் நூலின் முடிவிலும், உலகம் முடியுமளவும் சீடரோடு உடனிருப்பதாக இயேசு உறுதி கூறுவதை அமைத்திருக்கிறார். உடனிருத்தல் என்னும் கருத்தே அந்நூலின் தொடக்கமும் முடிவுமாக நிற்கிறது.

யோவான் எழுதிய நூலில் பெத்லகேமும் இடையர்களும் பிறப்புக் கதையாக இடம்பெறவில்லை. ஆதியில் கடவுளோடிருந்த வாக்கு மனித உடலெடுத்து மக்களிடையே தங்கியது என்று மட்டும் அவர் உரைக்கிறார். 'தங்கியது' என்பதற்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல்லின் வேர், 'கூடாரம்' என்னும் பொருளுடையது. தமிழ் வேதாகமத்தில் அது 'வாசம்பண்ணுதல்' என்றும், பிற்காலத்து மொழிபெயர்ப்பில் 'குடிகொள்ளுதல்' என்றும் வழங்குகிறது. வீடு, கோயில், அரண்மனை என்னும் சொற்களெல்லாம் இருக்க, கூடாரத்தை நினைவூட்டும் சொல்லை அவர் தேர்ந்தது ஏன்?

இதற்கு விடை இசுரவேலரின் வரலாற்றில் உள்ளது. எகிப்தின் அடிமைத்தனத்தினின்று நீங்கிப் பாலைவனத்தில் அலைந்த காலத்தில், அம்மக்கள் கூடாரங்களில் வாழ்ந்தனர். அப்போது கடவுளுக்கும் ஒரு கூடாரமே அமைக்கப்பட்டது என்று யாத்திராகமம் கூறுகிறது. அதன்மேல் ஆட்டுமயிரால் நெய்த விரிப்புகள் இருந்தன. குலங்கள் நாற்புறமும் பாளையமிறங்க, கடவுளின் கூடாரம் நடுவே நின்றது. மக்கள் பெயர்ந்தால் அதுவும் உடன் பெயர்ந்தது. பின்னர்ச் சாலொமோன் அரசன் எருசலேமில் கற்கோயில் எழுப்பினான். அதனை அர்ப்பணித்த அன்றே, வானமும் கொள்ளாத கடவுளை இச்சிறு கட்டடம் கொள்ளுமோ என்று அவனே வியந்து வினவினான். அக்கோயிலைப் பாபிலோனியர் கி.மு. 586-இல் எரித்தனர். கி.மு. 515-இல் கட்டி முடிக்கப்பட்டுப் பின் ஏரோது மன்னனால் விரிவாக்கப்பெற்ற இரண்டாம் கோயிலை, உரோமையர் கி.பி. 70-இல் அழித்தனர்.

யோவான் நற்செய்தி முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் முடிவு. அஃதாவது, கோயில் இடிந்து கிடந்த காலம். "கடவுள் இனி எங்கே உறைவார்?" என்பது அன்று ஏட்டுக்கல்விக்குரிய வினாவன்று, நெஞ்சைப் பிளக்கும் வினா. அதற்குக் கிறிஸ்தவர் கண்ட விடை, ஒரு மனித வாழ்க்கையில் கடவுள் கூடாரமிட்டுத் தங்கினார் என்பதாம்.

அவ்வாழ்க்கை எங்கே தொடங்கியது? அகஸ்து பேரரசரின் ஆணைப்படி குடிமதிப்பு எழுதப்பட்ட நாளில், பெத்லகேமில் இடம் இல்லாமையால் குழந்தையை முன்னணையில், அஃதாவது கால்நடைக்குத் தீவனமிடும் தொட்டியில், கிடத்தினர் என்று லூக்கா எழுதுகிறார். நாம் 'சத்திரம்' என்று கேட்டுப் பழகிய சொல்லின் கிரேக்க மூலம், விருந்தினர் அறையையும் குறிக்கும். பாலஸ்தீன நாட்டின் எளிய வீடுகளில் கால்நடைகளை இரவில் வீட்டினுள்ளேயே ஒரு பகுதியில் கட்டுவதுண்டு. ஆதலின், நெருக்கடி மிகுந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டிலேயே அத்தொட்டி இருந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர். எவ்வாறாயினும், ஏழைகள் தயங்காது நுழையக்கூடிய இடம் அது. முதலில் அங்கு வந்தவர்களும் வயல்வெளியில் மந்தை காத்த இடையர்களே.

ஆசிரியத் தொழிலில் பல்லாண்டுகள் கழித்தவனாதலின், என் அனுபவத்திலிருந்து ஓர் உவமை கூறுகிறேன். சிற்றூர்ப் பள்ளிக்கு ஆண்டுக்கொருமுறை ஆய்வாளர் வருவார். அன்று தோரணம் கட்டுவோம். பிள்ளைகள் தூய ஆடையுடுத்தி வருவர். மாலையில் அவர் ஊர் திரும்பிவிடுவார். அவ்வூரிலேயே குடியிருக்கும் ஆசிரியரோ அவ்வூர்க் கிணற்று நீரையே பருகுவார். எந்தப் பிள்ளை காலையில் உண்ணாமல் வந்திருக்கிறான் என்பதை முகம் பார்த்தே அறிவார். வந்து போதல் வேறு. உடன் வாழ்தல் வேறு. இஃது ஒருபுடை உவமையே. ஆசிரியருக்கு இடமாற்றம் உண்டு. கிறிஸ்தவர் கூறும் உடனிருத்தலோ சாவுவரை சென்றது.

இங்கு ஓர் ஐயம் எழும். கடவுள் மெய்யாகவே மனிதரானாரா, மனிதரைப் போலத் தோன்றினாரா? தோற்றம் மட்டுமே என்று சொன்னவர்கள் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இருந்தனர். திருச்சபை அதனை ஏற்கவில்லை. இயேசு சமாரியாவின் கிணற்றருகே களைத்து அமர்ந்ததும், நண்பனின் கல்லறையில் அழுததும், சிலுவையில் இறந்ததும் மெய் என்றே அது கொண்டது. கிறிஸ்து ஒருவரிடத்தே கடவுள் தன்மையும் மனிதத் தன்மையும் ஒன்றையொன்று விழுங்காமலும், ஒன்றைவிட்டொன்று பிரியாமலும் உள்ளன என்று கி.பி. 451-இல் கால்சதோன் நகரில் கூடிய ஆயர் பேரவை வரையறுத்தது. வலியைத் தானும் உற்றவரே உடனிருந்தவர் ஆவார் என்பது இவ்வரையறையின் உட்கிடை.

கடவுள் வந்தமையால் துன்பம் ஒழிந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. மத்தேயு அதனை மறைக்கவில்லை. ஏரோது குழந்தைகளைக் கொல்வித்ததும், மரியாளும் யோசேப்பும் குழந்தையோடு எகிப்துக்கு ஓடியதும் அவர் கூறும் கதையிலேயே உள்ளன. துன்பத்திற்கு அப்பால் நின்று ஆறுதல் கூறும் கடவுளை இவ்விழா காட்டவில்லை. அகதிக் குழந்தையாகத் துன்பத்தினுள்ளேயே இருந்தவரைக் காட்டுகிறது.

அந்நூலின் 25-ஆம் அதிகாரம் இதனை நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. பசித்தவர், அந்நியர், ஆடையற்றவர், நோயாளி, சிறைப்பட்டவர் ஆகியோர்க்குச் செய்வது தமக்கே செய்ததாகும் என்று இயேசு அங்குக் கூறுகிறார். ஆகவே, கடவுள் மக்களிடையே உறைகிறார் என்று நம்புவோர், மக்களை விலக்கி வைத்துவிட்டுக் கடவுளை மட்டும் வணங்க இயலாது. அவர்களுடைய விழா உண்மையானதா என்பது அங்கேதான் அளக்கப்படும்.

மாணவச் செல்வங்களே! டிசம்பர்த் திங்களில் உங்கள் தெருவில் ஒரு வீட்டின் முகப்பில் விண்மீன் விளக்குத் தொங்கக் காண்பீர்கள். "கடவுள் எங்கே?" என்னும் பழைய வினாவிற்கு, "இங்கே, நம் நடுவில்" என்று அவ்வீட்டார் கூறும் விடை அது. அவ்விடையை ஏற்போரும் உளர், ஏலாதோரும் உளர். ஆயினும், அதன் பொருளை அறிந்த பின், அவ்விளக்கை வெறும் அலங்காரமாக நீங்கள் காணமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.