வண்டி முக்குதா? செல்ப் மோட்டாரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்



ஒரகடம், வல்லம் பக்கம் கம்பெனி கேட்டுகளில் டிபன் கொடுக்கும் நம் குழுக்கள் சில, கடன் வாங்கி சின்ன லோடு வண்டி வைத்திருக்கின்றன. காலை ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய்விட்டால் இட்லி அண்டா அப்படியே வீட்டுக்குத் திரும்பும். தவணைப் பணத்துக்கு யாரிடம் போய் நிற்பது? அதனால்தான் விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றினால் நமக்கு வயிறு கலங்குகிறது.

எங்கள் குழு வண்டிக்கும் இது வந்தது. பார்த்த மெக்கானிக், "செல்ப் மோட்டார் போச்சும்மா, புதுசு போடணும்" என்றார். குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டோம். நாலாம் நாள் மறுபடியும் அதே முக்கல். கடைசியில் பார்த்தால், பேட்டரியிலிருந்து வண்டி பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனை துருப்பிடித்து லூசாகிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து போல்ட்டை இறுக்கியதும் ஒரே திருப்பில் எடுத்தது. அந்தத் தண்டச் செலவு உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் எழுதுகிறோம்.

செல்ப் மோட்டார் என்பது பேட்டரி கரண்டில் ஓடி, இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார். அந்தக் காலத்தில் காரின் முன்பக்கம் இரும்புக் கம்பியை விட்டுக் கையால் சுற்றுவார்கள். அது எதிர்த்துச் சுழன்று கை முறிந்தவர்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்தது. அதன் பிறகுதான் பெண்கள் துணைக்கு ஆள் தேடாமல் வண்டி எடுப்பது சுலபமாயிற்று.

"ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று நாம் நினைக்கிறோம். ஏமாறுவது இங்கேதான். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் கரண்ட் போதும். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். துருப்பிடித்த முனை வழியாகச் சின்னக் கரண்ட் போய்விடும், பெரிய கரண்ட் போகாது. லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறதே, அதே கதைதான்.

லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். லைட் ரொம்ப மங்கி "டக் டக் டக்" என்று சத்தம் வந்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும் முதலில் பாருங்கள். லைட் மங்காமல் ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் கோளாறு செல்ப் பக்கம் இருக்கலாம்.

கூட்டமைப்புக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்தால் நல்லது. இரவு நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.5க்குக் கீழே இறங்கினால் பேட்டரி சோர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, டைனமோ பெல்ட்டைப் பாருங்கள். இன்னொரு சோதனை: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர்தான் கோளாறு. எங்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் பணம் மிச்சம்!

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவை வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவலாம். கரைசல் பேட்டரிக்குள் போகக்கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். உலோக வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றும், தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டாம். ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், போர் தண்ணீர் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் குனிவதானால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

செல்பைப் பத்து வினாடிக்கு மேல் விடாமல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி திருப்புங்கள், இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் சூடேறி எரியும்.

மழைக்காலத்தில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது நினைவிருக்கும். அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியையே திருப்பக்கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கடலோரச் சகோதரிகள் வீட்டுப் படகு இன்ஜினுக்கும் இதே விதிதான். உப்புக் காற்றில் அவர்கள் பேட்டரி முனைகள் நம்மைவிடச் சீக்கிரம் பூக்கும்.

செல்ப் மோட்டாரே போனாலும் பல நேரம் உள்ளே கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம். முழு மோட்டாரையே மாற்றச் சொன்னால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, பில்லோடு அடுத்த குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.