எவர்சில்வர் துளையைப் பெரிதாக்குதல்

எவர்சில்வர் தகட்டில் புதிதாக ஒரு துளை போடுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்குவது கடினம். மரத்தில் அப்படியில்லை, முதல் துளை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எவர்சில்வரில் அந்த முடிந்த பாதிதான் இடைஞ்சல். பழைய துளையின் ஓரம் தகட்டின் மற்ற இடங்களைவிட இறுகிப்போயிருக்கும். டிரில் பிட்டின் முனை ஊன்றி நிற்க நடுவில் உலோகமும் இருக்காது.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் கழக்கூட்டம் போன்ற ஊர்களில் இந்த வேலைக்குக் குறைவில்லை. 1990இல் டெக்னோபார்க் வந்தபின் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. சமையலறை சிங்க், மாடிப்படிக் கைப்பிடி, பால்கனிக் கம்பி என்று வீட்டுக்கு வீடு எவர்சில்வர். சில கிலோமீட்டர் தள்ளித் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. அங்கே எந்த உலோகத்திலும் எந்த அளவுக்கும் துளையிட எந்திரம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வரும் பிளம்பரின் பையில் இருப்பது ஒரு கை டிரில், ஒரு கிரைண்டர், நாலைந்து பிட், ஒன்றிரண்டு அரம். இவற்றை வைத்து என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

சிங்க்கும் கைப்பிடியும் பெரும்பாலும் 304 என்ற ரகம்: ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைந்த குழாய்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 போன்ற 200 வரிசை ரகங்களும் உண்டு. இவற்றை அழுத்தினாலும் வளைத்தாலும் தேய்த்தாலும் அந்த இடம் கெட்டிப்படும். உள்ளே அணுக்களின் அடுக்கு கலைவதும், ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்புக்கு மாறுவதும் இதற்குக் காரணம். 200 வரிசை இன்னும் வேகமாக இறுகும். நல்ல 304 தகட்டில் காந்தம் ஒட்டாது. ஆனால் மழுங்கிய பிட்டால் துளைத்த ஓரத்தில் அதே காந்தம் லேசாக இழுபடுவதைப் பார்க்கலாம். இறுகியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டாவது தொல்லை சூடு. எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். வெட்டும்போது பிறக்கும் சூடு தகட்டில் பரவாமல் பிட்டின் விளிம்பிலேயே தேங்குகிறது. விளிம்பு மழுங்குகிறது, மழுங்கிய பிட் வெட்டாமல் தேய்க்கிறது, தேய்க்கத் தேய்க்க உலோகம் மேலும் இறுகுகிறது. இந்தச் சுற்றில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் பத்து விநாடியில் புதுப் பிட் வீணாகும்.

ஆகவே வேகம் குறைவாக, அழுத்தம் கூடுதலாக, எண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும். சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 12 மீட்டர் வெட்டுவேகம் பாதுகாப்பானது. மனக்கணக்காகச் சொன்னால் 3,800ஐ விட்டத்தால் வகுக்க வேண்டும்: 10 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 380 சுற்று, 20 மி.மீ.க்கு 190, 35 மி.மீ.க்கு 110க்கும் குறைவு. சுவரில் துளையிட வாங்கும் மலிவான டிரில் நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை ஓடும். பட்டனை மெல்ல அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றாலும், அப்போது அதன் இழுவிசையும் குறைந்துவிடும். இரண்டு கியர் உள்ள பேட்டரி டிரில்லை முதல் கியரில் ஓட்டுவது இதைவிட மேல். ஹேமர் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எவர்சில்வரில் விழும் ஒவ்வோர் அடியும் ஓரத்தை இறுக்கும், பிட்டின் முனையையும் உடைக்கும்.

பிட் உலோகத்தில் பட்டுவிட்டால் சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும். சுருள் வெள்ளியாகவோ வெளிர் மஞ்சளாகவோ வந்தால் சரி. நீலமானால் வேகம் அதிகம். சுருளே வராமல் பொடி மட்டும் உதிர்ந்தால் உடனே நிறுத்திப் பிட்டை மாற்றுவதுதான் வழி. கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயில் நல்லது. அது இல்லாத இடத்தில், கேரளத்தில் எந்த வீட்டு அடுக்களையிலும் கிடைக்கும் தேங்காயெண்ணெயும் வறட்டாக ஓட்டுவதைவிடப் பரவாயில்லை. பிட் வாங்கும்போது 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 ரகமும், 135 பாகை முனையும் கேட்டு வாங்குவது லாபம்.

எந்தக் கருவி என்பதைத் தகட்டின் கனமும், துளை எவ்வளவு வளர வேண்டும் என்பதும் தீர்மானிக்கின்றன. மூன்று மி.மீ.க்கு மேல் கனமான பட்டையில் 6 மி.மீ. துளையை 10 ஆக்கச் சாதாரண டிரில் பிட்டே போதும். இரும்பு வேலையில் பழகியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்: 6, 6.5, 7, 7.5 என்று படிப்படியாக ஏறுவார்கள். எவர்சில்வரில் இது தலைகீழ் உத்தி. கால் மி.மீ. தோலை மட்டும் சீவும் பிட், முந்தைய பிட் இறுக்கிவைத்த அடுக்குக்குள்ளேயே ஓடும். இறுகிய அடுக்குக்கு அடியில் வெட்டு இறங்க வேண்டும். அதனால் 6இலிருந்து நேரே 10க்குத் தாவுவதே நல்லது. 8ஐ 8.3 ஆக்குவது போன்ற சின்ன வேலையை ரீமரிடமோ வட்ட அரத்திடமோ விட்டுவிடலாம்.

மெல்லிய தகட்டில் டிரில் பிட் ஆபத்து. அது ஓரத்தைக் கவ்வி, தகட்டைச் சுழற்றி, கையைக் கிழிக்கும். தப்பினாலும் துளை வட்டமாக வராமல் மும்முனையாக வரும். இதற்கு ஏற்றது ஸ்டெப் டிரில் என்ற படிக் கூம்பு. கூம்பாக இருப்பதால் பழைய துளையிலேயே தானாக நடுவில் உட்காரும். பரவலாகக் கிடைப்பவை 4 முதல் 12, 20, 32 மி.மீ. வரையிலானவை. மின்பலகைப் பெட்டிகளில் வேலை செய்வோர் நாக்அவுட் பஞ்ச் வைத்திருப்பார்கள். போல்ட்டை முறுக்க முறுக்க அது தகட்டைக் கடித்து வட்டமாக வெட்டும். சூடே இல்லாத, சுத்தமான வேலை. எவர்சில்வருக்கு என்று செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பஞ்ச்சின் வாய் சிதையும்.

பெரிய பட்டறைகளின் கருவிகளெல்லாம் இங்கே உதவும் என்றும் நினைக்க முடியாது. காந்த அடிப்பாகம் கொண்ட டிரில் 304இல் ஒட்டி நிற்காது. கேஸ் கட்டிங் சுடரும் எவர்சில்வரை வெட்டாது: குரோமியம் ஆக்சைடின் உருகுநிலை எஃகின் உருகுநிலையைவிட மிக அதிகம், அந்தப் படலம் வெட்டு முன்னேறாமல் தடுத்துவிடும்.

அடிக்கடி வரும் வேலை சிங்க்கின் குழாய்த் துளை. அரை அங்குலக் குழாய்க்கு 22 மி.மீ. போதும், புதிதாக வாங்கும் மிக்சர் குழாய் கேட்பது 35. தகடு ஒரு மி.மீ. அளவுதான் இருக்கும். ஹோல்சா என்ற வட்ட வாளின் நடுப்பிட்டுக்குப் பிடிப்பில்லாததால் அது தகட்டின் மேல் வழுக்கிப் பளபளப்பை வட்டமாகக் கீறிவிடும். தடுக்க ஒரு பிளைவுட் துண்டு போதும். அதில் முதலில் 35 மி.மீ. துளை போட்டு, சிங்க்கின் மேல் இடம் பார்த்து சி-கிளாம்பால் இறுக்க வேண்டும். கிளாம்ப் எட்டாத மூலையில் இருபக்கப் பசை டேப். நடுப்பிட்டைக் கழற்றிய ஹோல்சா அந்த மரத்துளைக்குள் அடங்கி, நகராமல் சுற்றும். இன்னொரு வழி, தகட்டுக்கு அடியில் பிளைவுட்டை இறுக்கி, நடுப்பிட்டை அந்த மரத்தில் ஊன்றுவது. எப்படியானாலும் பக்கக் கைப்பிடி மாட்டாமல் டிரில்லைத் தொடக்கூடாது. ஹோல்சா கவ்வும்போது மணிக்கட்டுதான் திரும்பும்.

ஹோல்சா இல்லாவிட்டால் ஸ்டெப் டிரில்லால் 32 வரை கொண்டுபோய், மீதியுள்ள ஒன்றரை மி.மீ. ஓரத்தைக் கார்பைடு பர் என்ற சுழல் அரம் கொண்டோ அரைவட்ட அரம் கொண்டோ எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் கெட்டுப்போகாது. துளையின் மையத்தைச் சற்றே நகர்த்த வேண்டியிருந்தால் இந்த வழியும் சரிப்படும். கார்பைடு பர் ஊசி ஊசியாகத் துகள் எறியும், கண்ணாடி கட்டாயம். சுழலும் பிட் அருகே துணிக் கையுறை கூடாது.

துளை பெரிதானதும் வேலை முடியவில்லை. இருபுறமும் பிசிறை அரத்தால் நீக்கி, 120, 240 எண் எமரித் தாளால் தேய்க்க வேண்டும். சூட்டால் நீலம் படிந்த இடத்தில் மேற்பரப்பின் குரோமியம் குறைந்திருக்கும். அந்த நிறம் போகும்வரை தேய்ப்பது அவசியம். அரம், எமரி, கம்பித் தூரிகை எதுவும் முன்பு சாதாரண இரும்பில் பட்டிருக்கக்கூடாது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டால் கடற்காற்று வீசும் கழக்கூட்டத்தில் பழுப்புக் கறை சீக்கிரமே தலைகாட்டும், பழியோ எவர்சில்வர் மேல் விழும். நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் நனைத்த துணியை ஓரத்தில் 20 நிமிடம் ஈரம் காயாமல் போர்த்தி வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவினால் அந்தத் துகள்கள் கரைந்துபோகும்.

குழாயின் வாஷருக்கு அடியில் உப்பீரம் தேங்கினால் 304கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதனால் ஓரத்தை உலரவிட்டு, சிலிக்கோன் பூசிய பிறகே குழாயை இறுக்குவது வழக்கம். கடல் பார்த்த பால்கனிக் கைப்பிடிகளில், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் என்றால் இந்தக் கவலை குறையும். வெட்டும் முறை அதற்கும் இதுவேதான்.