கரி தீர்ந்த ஊரில் தீராத ஆட்டம்

தங்கவயலில் சுரங்கம் மூடியதும் ஊரே கலைந்தது. ஜெர்மனியின் ஷால்கேயில் சுரங்கம் போனபின்னும் ஒரு கால்பந்து கிளப் மிஞ்சியது. ஏன்?

2018 டிசம்பர் 21. கோலார் தங்கவயலின் பெயரைத் தலைப்பாகத் தாங்கிய 'கே.ஜி.எஃப்.' படம் திரைக்கு வந்த வெள்ளிக்கிழமை. தற்செயலாக அதே நாளில், ஜெர்மனியின் ரூர் பகுதியிலுள்ள போட்ராப் நகரில் அந்நாட்டின் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. கடைசியாக வெட்டிய கரித் துண்டைத் தொழிலாளர்கள் மேலே கொண்டுவந்து ஜனாதிபதி ஸ்டைன்மயரின் கையில் கொடுத்தார்கள். கரி முகங்களில் கண்ணீர்.

இதற்கு இரண்டு நாள் முன்பே பக்கத்து நகரமான கெல்சன்கிர்ஷனில் இன்னொரு வழியனுப்பு நடந்து முடிந்திருந்தது. இடம்: ஷால்கே 04 கால்பந்து கிளப்பின் ஸ்டேடியம். பல்லாயிரம் பேர் சேர்ந்து சுரங்கத் தொழிலாளர்களின் பழைய பாட்டைப் பாடினார்கள். அன்றைய ஆட்டத்தில் லெவர்குசன் அணியிடம் ஷால்கே 1-2 என்று தோற்றது. அதற்காக அன்று யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

சுரங்கத்துக்கு விடைகொடுக்கக் கால்பந்து மைதானமா என்று வெளியாருக்குத் தோன்றலாம். தங்கவயல்காரர்களுக்கு அது எளிதில் புரியும். சுரங்கம் மூடிய அன்று கூடி அழ அவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஷால்கே என்பது கெல்சன்கிர்ஷனின் ஒரு பேட்டை. 1904 மே 4ஆம் தேதி அங்கே மீசை முளைக்காத சில பையன்கள் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் 04 அந்த வருடத்தைக் குறிக்கிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கிளப்பைத் தங்கள் லீகில் சேர்க்க வட்டாரச் சங்கம் ஆரம்பத்தில் மறுத்தது. கால்பந்து அப்போது பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தின் விளையாட்டு.

பேட்டையின் ஆட்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். கரிச் சுரங்கங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியா போன்ற பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயில் ஏறினார்கள். அவர்கள் வீட்டில் பேசியது போலிஷ் மொழியின் ஒரு வட்டார வழக்கு. ஏறத்தாழ அதே காலத்தில், 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி மைசூர் சமஸ்தானத்தில் தங்கம் தோண்டத் தொடங்க, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் கிளம்பிய குடும்பங்கள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வந்து இறங்கின. கன்னட மண்ணில் ஒரு தமிழ் ஊர். ஜெர்மன் மண்ணில் போலிஷ் பெயர்கள். குசோரா, ஷெப்பான், டிபுல்ஸ்கி என்று நீளும் ஷால்கே அணிப் பட்டியலைப் பார்த்து எதிரணி ரசிகர்கள் 'போலாக்குகளின் கிளப்' என்று ஏளனம் செய்தார்கள்.

ஷால்கே ஆட்டக்காரர்களுக்கு இன்றும் செல்லப்பெயர் 'க்னாப்பன்'. சுரங்கத் தொழிலாளியைக் குறிக்கும் பழைய சொல். 1928இல் கிளப் கட்டிய மைதானம் 'கன்சாலிடேஷன்' என்ற சுரங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் எழுந்தது. மைதானத்தின் பெயரிலும் சுரங்கம்தான். 'க்ளூக் ஆஃப்': குழிக்குள் இறங்குகிறவன் நல்லபடியாக மேலே வரட்டும் என்று வாழ்த்தும் முகமன். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன சாம்பியன் ரீஃப் ஷாஃப்டில் இறங்கியவர்களின் வீடுகளிலும் அந்த வேண்டுதல் இருந்தது, வேறு மொழியில்.

பம்பர ஆட்டம்

ஷால்கேக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதன் ஆட்டமுறை. பந்தை உயரத் தூக்கி அடித்து ஓடுவது அப்போதைய வழக்கம். எர்ன்ஸ்ட் குசோராவும் அவரது மைத்துனர் ஃப்ரிட்ஸ் ஷெப்பானும் பந்தைத் தரையோடு தரையாகக் காலுக்குக் கால் தள்ளிக்கொண்டே போனார்கள். எதிரணி சுற்றிச் சுற்றி வந்து தலைசுற்றிப்போகும். அதற்கு 'பம்பரம்' என்றே பெயர் வைத்தார்கள்.

1930 ஆகஸ்டில் இடி விழுந்தது. அனுமதித்த படியைவிட அதிகப் பணம் கொடுத்து அமெச்சூர் விதியை மீறிவிட்டதாகக் கூறி, ஷால்கேயின் முதல் அணி ஆட்டக்காரர்களைச் சங்கம் தடை செய்தது. வாரம் முழுக்க உழைக்கும் தொழிலாளிக்குச் சில மார்க் கூடுதலாகக் கொடுத்ததுதான் குற்றம். அவமானம் தாங்காமல் கிளப்பின் பொருளாளர் வில்லி நீர் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டார். அதே 1930இல்தான் தங்கவயல் தொழிலாளர்கள், கம்பெனி கட்டாயமாக்கிய கைரேகைப் பதிவை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உழைக்கிறவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு ஜூனில் தடை நீங்கி ஷால்கே மீண்டும் ஆடியபோது சுமார் 70,000 பேர் மைதானத்தில் நெரிந்தார்கள். 1934 தேசிய இறுதி ஆட்டத்தில் நியூரன்பர்க் அணிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஷெப்பான் சமன் செய்தார். குடலிறக்க வலியோடு ஆடிக்கொண்டிருந்த குசோரா வெற்றி கோலை அடித்தார். முதல் பட்டம். தொடர்ந்து 1935, 1937, 1939, 1940, 1942 என ஆறு பட்டங்கள். 1939 இறுதியில் வியன்னாவின் அட்மிரா அணியை 9-0 என்று நொறுக்கினார்கள்.

வருடங்களைப் பார்த்தாலே உறுத்தும். அது ஹிட்லரின் காலம். ஷால்கேயின் வெற்றியை நாஜிகள் தங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்; கிளப்பும் இசைந்துபோனது. 1938இல் யூதர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒரு துணிக்கடையை ஷெப்பான் மலிவாக வாங்கினார். கடையின் சொந்தக்காரர்கள் ரீகாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவர் பெயரை ஒரு தெருவுக்கு வைக்க யோசனை வந்தபோது இந்தப் பழைய கணக்கு மேலே வர, நகரம் பின்வாங்கியது.

1958இல் ஏழாவது பட்டம். அதுவே இதுவரை கடைசி. அந்த ஆண்டில்தான் ரூர் பகுதியின் கரி நெருக்கடியும் தொடங்கியது. மலிவான எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் வந்து குவிய, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒரு காலத்தில் நான்கு லட்சத்தை நெருங்கிய கெல்சன்கிர்ஷனின் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

கிளப்பும் சறுக்கியது. 1971இல் ஷால்கே ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு பீலஃபெல்ட் அணியிடம் வேண்டுமென்றே தோற்றார்கள். பிறகு கோர்ட்டில் சத்தியம் செய்து பொய்யும் சொன்னார்கள். 'பொய்சத்திய கிளப்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. இறங்குவதும் ஏறுவதுமாக நாட்கள் ஓடி, 1997 மே மாதம் மிலான் நகரில் இன்டர் அணியைப் பெனால்டியில் வென்று யுஇஎஃப்ஏ கோப்பையைத் தூக்கியபோதுதான் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

2001

இரண்டு ஊர்களின் கதையும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கிறது. 2000இல் கெல்சன்கிர்ஷனின் ஹியூகோ சுரங்கம் மூடியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது. அதே ஆண்டு மே 19: ஷால்கே தன் கடைசி ஆட்டத்தில் ஜெயித்து, நான்கு நிமிடம் சாம்பியனாக இருந்தது. மைதானத்தில் ஜனங்கள் புகுந்து ஆடினார்கள். அந்த நேரத்தில் ஹாம்பர்க்கில் பயர்ன் மியூனிக்கின் ஆண்டர்சன் அடித்த கோல், பட்டத்தைப் பறித்துக்கொண்டது. ஆனால் ஆகஸ்டில் ஷால்கேயின் புதிய ஸ்டேடியம் திறந்தது. தங்கவயலில் அந்த ஆண்டு திறக்க எதுவும் இருக்கவில்லை.

வித்தியாசம் எங்கே? ஒன்று, அவகாசம். ஜெர்மனியில் கரியை 2018இல் நிறுத்துவது என்று 2007இலேயே முடிவானது. எந்தத் தொழிலாளியும் தெருவில் நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு முன்கூட்டிய ஓய்வும் மாற்று வேலையும் ஏற்பாடாயின. தங்கவயல் நிறுவனம் 1992இல் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் போனது. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் கதவைச் சாத்தியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். நிலுவைத் தொகைக்கும் குடியிருந்த வீட்டின் உரிமைக்கும் போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது.

இரண்டு, உடைமை. தங்கவயலில் எல்லாமே கம்பெனியுடையது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், ஆஸ்பத்திரி, லைன் வீடு, பையன்கள் பந்தாடிய மைதானம் எல்லாமே. வெள்ளைக்கார கம்பெனி போய் 1956இல் மாநில அரசு வந்தது. பிறகு மத்திய அரசு வந்தது. உடைமை மட்டும் தொழிலாளியிடம் வரவில்லை. முதலாளி கையை உதறியபோது ஊரின் கையில் எஞ்சியது சைனைடு மண்மேடுகள். ஷால்கேயிலோ சுரங்கம் நிலத்தைக் குத்தகைக்குத்தான் கொடுத்தது, கிளப் அதனுடையதல்ல. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட அந்தச் சங்கம், பெரிய கிளப்புகள் பல கம்பெனிகளாக மாறிய பிறகும் மாறவில்லை.

ஷால்கேயைச் சொர்க்கமாக்கிக் காட்டவும் முடியாது. ஜெர்மனியிலேயே வேலையின்மை அதிகமுள்ள நகரங்களில் கெல்சன்கிர்ஷனும் ஒன்று. கிளப் கடனில் மூழ்கியது. ரஷ்யாவின் காஸ்ப்ராம் நிறுவனத்தின் பணத்தை 2007 முதல் சட்டையில் சுமந்து, உக்ரைன் போர் வெடித்த 2022இல்தான் கழற்றியது. 2021லும் 2023லும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கோடீஸ்வரர் யாரிடமாவது விற்றுவிடலாமே என்ற பேச்சு எழாமல் இல்லை. 2025 தொடக்கத்தில் கிளப் வேறு வழியை நாடியது: ஸ்டேடியத்தின் பங்குகளை வாங்க ரசிகர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம்.

பந்து யாருக்கும் சோறு போடாது. ஆனால் ஷால்கேயின் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் வழி இன்று ஒரு சுரங்கப் பாதைபோல அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியே ஓடிவரும் இளைஞர்களில் கரி வெட்டியவர் ஒருவரும் கிடையாது. கைதட்டுகிறவர்களுக்கோ தாத்தா இறங்கிய குழி நினைவுக்கு வருகிறது. மாரிகுப்பத்தில் விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும் இளைஞர்களின் தாத்தாக்களும் குழிக்குள் இறங்கியவர்கள்தான். அவர்கள் பெயரைச் சினிமா எடுத்துக்கொண்டது. ஊரை எடுத்து நடத்தத்தான் இன்னும் ஆளில்லை.