இரும்புக் குழாய்களை இடைவெளியின்றி இணைப்பது எப்படி?

சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ள தேர்வாய் கண்டிகையைச் சுற்றி நிலம் வைத்திருக்கும் உழவர் பெருமக்களே! தோட்டத்துக் கதவு, மாட்டுக் கொட்டகைத் தடுப்பு, கொடிக்காய்ப் பந்தல் ஆகியவற்றுக்கு இரும்புக் குழாய் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் பலம் இணைப்பில்தான் இருக்கிறது.

நேராக அறுத்த குழாயை மற்றொரு உருண்டைக் குழாயின் மேல் நிறுத்தினால், இரண்டு இடங்களில் மட்டுமே தொடும். மீதி இடைவெளியை வெல்டிங் மூலம் நிரப்ப முயன்றால் மெல்லிய குழாயில் ஓட்டை விழும். மாடு முட்டினால் இணைப்பு விட்டுவிடும். எனவே குழாயின் வாயைப் பிறை போல வெட்ட வேண்டும்.

தேவையானவை: ஆக்ஸா ரம்பம், அங்குலத்துக்கு 24 பற்கள் உள்ள பிளேடு, அரைவட்ட அரம், வைஸ், காகிதம்.

செய்முறை (இரு குழாய்களும் ஒரே அளவாக இருந்தால்)

1. குறுக்குக் குழாயின் நீளம், இரு கால்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட வெளிவிட்டத்தில் பாதி கூடுதலாக இருக்கட்டும். முனைகளை நேராக அறுங்கள்.

2. காகிதப் பட்டையை ஒரு சுற்று சுற்றி வெட்டி, நான்காக மடியுங்கள். மடிப்புகளைக் கொண்டு குழாயின் நீளவாக்கில் நான்கு கோடுகள் போட்டு, வரிசையாக எண் இடுங்கள். கோடுகள் மறுமுனை வரை நேராகச் செல்லட்டும்; அப்போதுதான் இரு முனைப் பிறைகளும் ஒரே திசையில் அமையும்.

3. 2, 4-ஆம் கோடுகளில், முனையிலிருந்து வெளிவிட்டத்தில் கால் பங்கு தள்ளிப் புள்ளி வையுங்கள். ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 34 மி.மீ.; ஆகவே 8 மி.மீ. போதும்.

4. குழாயை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, 2-ஆம் கோடு உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். 1-ஆம் கோட்டின் முனையிலிருந்து புள்ளியை நோக்கிச் சரிவாக அறுங்கள். பின் 3-ஆம் கோட்டிலிருந்தும் அவ்வாறே அறுங்கள்.

5. அரத்தின் வளைந்த பக்கத்தால் பள்ளத்தை ராவுங்கள். மற்றக் குழாயை அடிக்கடி வைத்துப் பார்த்து, தொடும் இடத்தை மட்டும் ராவுங்கள். ரம்பப் பிளேடு நுழையாத அளவுக்குப் பொருந்தினால் போதும்.

எச்சரிக்கை

ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சுப் புகையைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் செய்யுமுன் இணைப்பைச் சுற்றி 3 செ.மீ. வரை பூச்சை ராவி நீக்குங்கள். திறந்த வெளியில், புகை முகத்தில் படாதவாறு நின்று வேலை செய்யுங்கள். பூச்சுப் போன இடம் துருப்பிடிக்காமல் இருக்க, ஆறியபின் ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயின்ட் அடியுங்கள்.