எத்தனை வாட் என்று கேட்கலாமா?

இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தொகுப்பு 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு அதில் வாசித்திருக்கிறது. தவளக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் அதைக் கேட்க ஓர் ஒலிபெருக்கி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடையில் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" 50 வாட்டை 100 வாட் ஆக்கினாலும் ஒலிமட்டம் 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு அது சிறு வேறுபாடே.

இசைக்குழுவின் ஓரத்தில் ஆளுயரத் தந்திக்கருவிகள் நிற்குமே, அவை டபிள் பாஸ். அதன் தடித்த தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அவ்வொலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர்! இதை எழுப்ப ஒலிபெருக்கியின் கூம்பு நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே ஒலிமட்டத்துக்கு நான்கு மடங்கு காற்றை அசைக்கவேண்டும். 8 செ.மீ. விட்டமுள்ள கூம்பு 82 ஹெர்ட்ஸில் செய்யும் வேலையை 41 ஹெர்ட்ஸில் செய்ய, அதே தூரம் அசையும் 16 செ.மீ. கூம்பு தேவை.

"கைபேசியிலும் பாட்டு விளங்குகிறதே!" என்பீர்கள். உண்மைதான். தந்தி 41-இன் மடங்குகளிலும் அதிர்கிறது. அந்த மேற்சுரங்களைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. சுரம் தெரியும், கனம் வராது.

ஆகவே, விவரத்தாளில் அதிர்வெண் எல்லையைப் பாருங்கள். '40 ஹெர்ட்ஸ் முதல்' என்பதோடு '±3 டெசிபல்' என்றும் இருக்கவேண்டும். இல்லையேல் 40-இல் ஒலி எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று சொல்லமுடியாது. கடைக்காரர் 'டும் டும்' பாட்டைப் போடுவார். மயங்காதீர்கள், 100 ஹெர்ட்ஸ் அருகே சற்று உயர்த்தினாலே அந்த 'டும்' கிடைத்துவிடும்! நீங்கள் கேட்கப்போகும் இசையையே போடச் சொல்லுங்கள். டபிள் பாஸின் சுரங்கள் தனித்தனியே கேட்கின்றனவா, ஒரே முழக்கமாகக் குழம்புகின்றனவா என்று கவனியுங்கள்.