காலில் இருப்பது ஆணியா, மருவா?

சென்ற ஐப்பசி மழைக்காலத்தில், நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் தம் மனைவியுடன் எமது தோல் நோய்ப் பிரிவுக்கு வந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இடது உள்ளங்காலில், கிளட்ச் மிதிக்கும் இடத்தில், ஆறாத புண் ஒன்று இருந்தது.

"ஆணிதானுங்க டாக்டர், பிளேடுல சீவுனாப் போயிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. வீட்டுத் தரையில ரத்தக் கறையைப் பார்த்துத்தான் கூட்டியாந்தேன்" என்றார் மனைவி.

புண் ஆழமாக இருந்தும் அவருக்கு வலியே இல்லை. எமக்குக் கவலை தந்தது அதுதான். இரத்தச் சர்க்கரையைச் சோதித்தபோது 300-ஐத் தாண்டியிருந்தது. தமக்கு நீரிழிவு இருப்பதையும், அதனால் பாத நரம்புகள் உணர்வு இழந்திருப்பதையும் அவர் அன்றுதான் அறிந்தார். புண்ணைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக ஏழெட்டுத் தடிப்புகள் இருந்தன. அவை ஆணிகள் அல்ல, பாத மருக்கள்.

வேறுபாட்டை அறிவது எப்படி?

கால் ஆணி என்பது அழுத்தத்தாலும் உராய்வாலும் தோல் இறுகித் தடிப்பது. எலும்பு துருத்தும் இடத்தில் தோன்றும். நேராக அழுத்தினால் வலிக்கும். அதன் நடுவில் கண்ணாடி போன்ற கெட்டியான முனை தெரியும். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

பாத மரு ஒரு தொற்று. மனிதப் பாப்பிலோமா வைரஸ் எனும் நுண்கிருமி மேல்தோலில் நுழைந்து அதை மிகையாக வளரச் செய்கிறது. மருவை இரு பக்கமும் விரலால் பிடித்துக் கிள்ளினால் அதிகமாக வலிக்கும். பாதத்தின் இயல்பான ரேகைகள் மருவின் மேல் செல்லாமல் விலகிப்போகும். உள்ளே கரும்புள்ளிகள் தெரியலாம். பலர் இவற்றை 'வேர்' என்று எண்ணித் தோண்டுகின்றனர். உண்மையில் அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மருவுக்கு வேர் கிடையாது. அது மேல்தோலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மரு தொற்றக்கூடியது என்பதை 1907-இல் இத்தாலிய மருத்துவர் ஜியூசெப்பே சியூஃபோ மெய்ப்பித்தார். பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் மருச் சாற்றை வடித்து, அதைத் தோலில் செலுத்தியபோது புதிய மரு முளைத்தது. மருவைச் சீவிய பிளேடு அதே பாதத்தில் மேலும் பல மருக்களை விதைப்பதும் இவ்வாறே. ஓட்டுநரின் காலில் நாங்கள் கண்டது அதைத்தான்.

இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பாத மருவை உண்டாக்கும் வகைகள் வேறு. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் வேறு. ஆகவே பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

எங்கிருந்து வருகிறது?

ஈரத்தில் ஊறி மென்மையான தோலில், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக வைரஸ் நுழைகிறது. பலர் குளிக்கும் பொதுக் குளியலறை, நீச்சல் குளத்தின் ஓரம், விடுதித் தரை ஆகியவை ஏற்ற இடங்கள். லாரிப் பேட்டைகளில் குளித்துவிட்டு வெறுங்காலுடன் வண்டி ஓட்டுவோர், ஜவ்வரிசி ஆலைகளில் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்போர் ஆகியோர் பாதங்களை உலர்வாக வைத்துக்கொள்வது நல்லது. தொற்றிய சில வாரங்கள் முதல் பல மாதங்கள் கழித்தே மரு வெளிப்படும்.

சிகிச்சை என்ன?

உடலின் எதிர்ப்பாற்றலே மருவை இறுதியில் அகற்றுகிறது. சிறுவர்களுக்கு வரும் மருக்களில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். பெரியவர்களுக்கு அதைவிட நாளாகலாம். வலியில்லாத மருவைச் சிகிச்சையின்றிக் கவனித்து வருவதும் ஏற்புடைய வழியே.

வலி இருந்தால் முதல் மருந்து சாலிசிலிக் அமிலம். நீரிழிவு இல்லாதவர்கள் மருத்துவர் ஆலோசனையுடன் வீட்டிலேயே இதைப் பயன்படுத்தலாம். பாதத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேலுள்ள இறந்த தோலை மட்டும் உரைகல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் மருந்திட வேண்டும். அந்த உரைகல்லை வேறு இடத்திலோ வேறொருவரோ பயன்படுத்தக் கூடாது. தோல் சிவந்து புண்ணானால் நிறுத்திவிட வேண்டும். இதை நாள்தோறும் 12 வாரங்கள் வரை செய்ய நேரலாம்.

அடுத்தது, மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறையவைத்தல். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை செய்கிறோம். வலியும் கொப்புளமும் ஏற்படலாம். இது விரைவில் குணமாக்கும் என்று பலர் நம்பி வருகின்றனர். ஆனால் பிரிட்டனில் 240 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 12 வாரங்களில் முற்றிலும் குணமானோர் இரு முறைகளிலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். ஒன்று மற்றதைவிட மேலானதாகத் தெரியவில்லை. எந்தச் சிகிச்சைக்கும் பொறுமை தேவை என்பதையே இது காட்டுகிறது.

பல மருக்கள் பிடிவாதமாக நீடித்தால், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி மருந்தை மருவுக்குள் செலுத்தி எதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறையும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு இதைச் செய்வதில்லை. அறுத்து எடுப்பதை இயன்றவரை தவிர்க்கிறோம். உள்ளங்காலில் உண்டாகும் தழும்பு, மரு போன பின்னும் வலிக்கக்கூடும்.

செய்யக் கூடாதவை

எருக்கம்பால், சேராங்கொட்டை, சுண்ணாம்புக் கலவை ஆகியவை மருவையும் நல்ல தோலையும் பிரித்தறியாமல் எரித்துவிடும். பிளேடு, ஊசி, நகவெட்டி கொண்டு தோண்டக் கூடாது.

இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பலர் அதை அறியாதவர்கள். நீரிழிவும், காலில் உணர்வுக் குறைவும், இரத்த ஓட்டக் குறைவும் உள்ளவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பைக்கூடத் தாமாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதிலும் அமிலம் உண்டு. மரு மாதக்கணக்கில் காத்திருந்தாலும் தீங்கில்லை. ஆனால் நீரிழிவுக் காலில் உண்டான புண் ஒரு வாரம்கூடக் காத்திருக்காது.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• மருவிலிருந்து சீழ், துர்நாற்றம், தானாகவே இரத்தக் கசிவு
• பாதம் சிவந்து வீங்குதல், காய்ச்சல்
• பல ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே போகும் தடிப்பு
• பரவிவரும் கரும்படலம். இது அரிதாகப் புற்றுநோயாக இருக்கலாம். சிறு தசைத் துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும்

அந்த ஓட்டுநரின் புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. அதுவரை வண்டி ஓட்டவில்லை, வருமானமும் இல்லை. புண் ஆறிய பின்னரே, எமது கண்காணிப்பில், மருக்களுக்கு மெதுவாகச் சிகிச்சை தொடங்கினோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகனின் குதிகாலிலும் ஒரு மரு இருந்தது. வலியில்லாததால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றோம். அடுத்த கோடை விடுமுறைக்குள் அது தானே மறைந்துவிட்டது.

இப்போது அவர் வீட்டிலிருக்கும் இரவுகளில், அவருடைய மனைவி விளக்கொளியில் இரு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிட்டே உறங்கச் செல்கிறார். நீரிழிவு உள்ளவரைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் இதை நாள்தோறும் செய்யலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.